நேர விரயம் என்று எழுதிவிட்டீர்களே

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் உயர்கல்விப் பகுதியில் 'கணினி அறிவியல் எடுப்பவர்கள் வரலாறு, தத்துவம், சமூகப் பணி என்று நேரத்தை விரயம் செய்யாமல் கோடிங்கில் கவனம் வைப்பது நல்லது' என்று ஒரு வரி, அதுவும் கட்டம் கட்டி. பல வருடங்களாகக் கணினி அறிவியல் நடத்தும் எனக்கு அதைத் தாண்டி அடுத்த பக்கம் போக மனம் வரவில்லை.

எங்கள் மாணவர்கள் ஒரு முதியோர் இல்லத்துக்கு மருத்துவப் பதிவேடு செய்து கொடுத்தார்கள். வகுப்பில் அது பிசகில்லாமல் ஓடியது. அங்கே போனதும் முதல் பாட்டியிடமே நின்றுவிட்டது. பிறந்த தேதி கேட்கிறது, அவருக்குத் தெரியாது, போடாமல் அடுத்த பக்கம் திறக்காது. ஏதோ ஒரு வருடம், ஜனவரி 1 என்று போட்டுவிடலாம் என்றான் நன்றாகக் கோடிங் எழுதும் ஒரு பையன். மருந்தின் அளவை முடிவு செய்யும்போது வயதையும் பார்ப்பார்கள் என்பது அவனுக்குத் தோன்றவில்லை. வரலாற்றை விருப்பப் பாடமாக எடுத்திருந்த பெண் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த வெள்ளத்தின்போது உங்களுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது, மூத்த பிள்ளை பிறந்து எத்தனை வருடம் என்று பேசிப் பேசி ஒரு தோராய வயதுக்கு வந்தாள். அப்புறம் ஃபார்மில் 'தோராய வயது' என்று தனி இடம் வைத்தார்கள். இதைத்தானே நீங்கள் விரயம் என்கிறீர்கள்?

பிரிட்டனின் 'ஹொரைசன்' விவகாரம் உங்களுக்குத் தெரியாததல்ல. ஹொரைசன் என்ற அஞ்சலகக் கணக்கு மென்பொருள் பணம் குறைவதாகத் தப்பாகக் காட்டியது, அதை நம்பி அஞ்சலகம் நடத்தியவர்கள் மேல் வழக்குப் போட்டார்கள், 1999 முதல் 2015 வரை 900 பேருக்கு மேல் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. கணினி சரியாகத்தான் வேலை செய்திருக்கும் என்பதே அங்கே நீதிமன்றத்தின் தொடக்க அனுமானம், தப்பென்றால் குற்றம் சாட்டப்பட்டவர்தான் கிளப்ப வேண்டும். மென்பொருளில் பிழை வருவது புதிதல்ல. எதிரே நிற்கும் மனிதர் பொய் சொல்லவில்லையோ என்று யோசிக்க ஒரு படிப்பு வேண்டாமா? அந்தப் படிப்பு, நாம் எழுதும் நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் எந்தக் கம்பைலரிலும் கிடையாது.

இந்தத் துறையே கலப்பில் பிறந்ததுதான். கணினியின் தர்க்கத்துக்கு அடிப்படை போட்ட கணித அறிஞர் ஜார்ஜ் பூல் 1854-இல் எழுதிய புத்தகம் மனிதர் சிந்திக்கும் விதிகளைப் பற்றியது. 1966-இல் எலிசா என்ற உரையாடல் நிரலை வெளியிட்ட கணினி அறிஞர் வைசன்பாம், அதனிடம் ஆட்கள் மனம் திறந்து பேசுவதைக் கண்டு கலங்கி, எந்த வேலையைக் கணினியிடம் விடவே கூடாது என்று பத்து வருடம் கழித்து ஒரு புத்தகமே எழுதினார். இன்று அந்தக் கேள்வி ஒவ்வொரு மாணவரின் போனிலும் இருக்கிறது. நீங்களோ தத்துவம் வேண்டாம் என்கிறீர்கள்.

சொல்ல வந்தபோது பழையதும் சேர்ந்து வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். முன்பு 'எதிர்காலம் உள்ள படிப்புகள்' என்று போட்ட அட்டவணையில் இலக்கியத்தையும் சமூகவியலையும் கடைசியில் தள்ளினீர்கள். அப்போதும் எழுதினேன், பதில் இல்லை. சமூகப் பணி என்றால் மாணவர்கள் வரிசையாக நின்று எடுத்த படம்தான் உங்கள் பக்கங்களில் வருகிறது, செய்து கொடுத்த மென்பொருள் அடுத்த வருடமும் ஓடுகிறதா என்று யாரும் கேட்பதில்லை. பல இடங்களில் ஓடுவதில்லை என்பதும் உண்மைதான், செமஸ்டர் முடிந்ததும் பையன்கள் போய்விடுகிறார்கள். அதற்கும் வழி இருக்கிறது. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் 1995-இல் தொடங்கிய எபிக்ஸ் என்ற சமூகப் பணித் திட்டத்தில் பல துறை மாணவர்கள், ஜூனியரும் சீனியருமாக, ஒரே அமைப்போடு பல செமஸ்டர்கள் வேலை செய்கிறார்கள், அதற்குப் பட்டப் படிப்பின் கணக்கில் சேரும் கிரெடிட்டும் உண்டு. ஒரு குழு போனால் விஷயம் தெரிந்த இன்னொரு குழு அங்கே இருக்கும். இதைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கலாமே.

அந்த வரியைப் படித்த பெற்றோர்கள் இப்போது என்னிடம் வந்து, பிள்ளையின் விருப்பப் பாடத்தை மாற்றிக் கொடுங்கள் என்கிறார்கள். உங்கள் எழுத்துக்கு அவ்வளவு மதிப்பு இருப்பதால்தான் இவ்வளவு வருத்தமும்.

நான் கேட்பது பெரிதில்லை. அடுத்த சேர்க்கைக் கையேட்டின் கல்லூரி அட்டவணையில் இரண்டு நெடுவரிசை கூட்டுங்கள்: கணினி அறிவியல் மாணவர் வேறு துறைப் பாடம் எடுக்க முடியுமா, சமூகப் பணி ப்ராஜெக்டுக்குக் கிரெடிட் உண்டா. அந்தக் கட்டத்தை மறுபடி அச்சிடாதீர்கள்.

இப்படிக்கு,
கணினி அறிவியல் ஆசிரியை ஒருவர்