கைக்குத் தெரிந்த வண்டி

ஓஸ்லோ,
18 ஜனவரி 2026, ஞாயிறு

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். பொங்கலன்று வீடியோவில் அரை மணி நேரம் பேசியும் ஒன்றும் பேசின மாதிரி இல்லை. அம்மா, நீ பானை பொங்கியதைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே மாமா வந்தார், சித்தி வந்தாள், நெட்வொர்க் போய்விட்டது. “எந்த வண்டிம்மா எடுக்கப் போற?” என்று அப்பா கேட்ட கேள்வி அந்தரத்தில் நின்றுவிட்டது. அதைப் போனில் இரண்டு வார்த்தையில் சொல்ல முடியாது. அப்பாவிடம் சொல்லாமல் வண்டி எடுக்கவும் எனக்கு மனசு வராது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இங்கே இப்போது காலை ஒன்பது மணிக்குத்தான் விடிகிறது. நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. ஏழு மணிக்கு நான் டியூட்டியில் இருக்க வேண்டும். என் வேலைதான் தெரியுமே: வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடுகளுக்குப் போய் மாத்திரை கொடுப்பது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, சர்க்கரை பார்ப்பது. வீடு வீடாகப் போக ஆபீஸ் வண்டி உண்டு. அந்த ஆபீசுக்குப் போய்ச் சேரத்தான் ஒரு மெட்ரோ, ஒரு பஸ். நடுவில் பத்து நிமிடம் ஸ்டாப்பில் நிற்பதற்குள் மூக்குக்குள் முடி உறைந்துவிடும். மூச்சை இழுத்தால் ஊசி ஊசியாகக் குத்தும், அம்மா. போன குளிர்காலத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிட்டேன். இந்த வருடம் முடியவில்லை.

பெட்ரோலா, மின்சாரமா என்ற பேச்சே இங்கே கிடையாது. போன வருடம் நார்வேயில் விற்ற புதுக் கார்களில் நூற்றுக்கு 95-க்கு மேல் மின்சார வண்டிகள். நாட்டின் கரண்டில் பெரும்பகுதி மலைத் தண்ணீரிலிருந்து வருகிறது. எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்திலேயே சார்ஜ் பாயிண்ட் இருக்கிறது, ராத்திரி சொருகினால் காலையில் நிறைந்திருக்கும். புது வண்டிதான் வாங்குவதாக இருந்தோம். ஆனால் ஜனவரி 1 முதல் வரி மாறிவிட்டது. முன்பு 5 லட்சம் கிரோன் வரை மின்சார வண்டிக்கு வாட் (மதிப்புக் கூட்டு வரி) கிடையாது, இப்போது அந்த வரம்பு 3 லட்சம். அதற்கு மேல் போகும் தொகைக்கு 25 சதவீதம். 4 லட்சம் கிரோன் வண்டி என்றால் 25,000 கூடுதல், நம் பணத்தில் இரண்டு லட்சத்துக்கு மேல். அதனால் செகண்ட் ஹேண்ட் பக்கம் திரும்பினோம். கடைசியில் இரண்டு வண்டிகள் நிற்கின்றன. ஒன்று டெஸ்லா மாடல் 3, இன்னொன்று ஹூண்டாய் அயோனிக் 6. இரண்டும் இரண்டு வருடம் ஓடியவை, இரண்டும் நாலு சக்கரத்துக்கும் இழுவை உள்ளவை.

ஹூண்டாய் என்றதும் மாமா எழுந்து உட்காருவார். 1998-இல் சான்ட்ரோ வெளிவந்த நாளிலிருந்து இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஃபேக்டரியைப் பற்றியே பேசுகிறவர். அவரிடம் சொல்லுங்கள், இந்த வண்டி அங்கே செய்ததில்லை, கொரியாவில் ஆசான் என்ற ஊரில் செய்தது. இங்கே வரும் மாடல் 3 ஷாங்காயில் செய்தது. ஆக, ஊர்ப் பாசத்தை வைத்து முடிவு செய்ய வழியில்லை.

உங்கள் மாப்பிள்ளைக்கு டெஸ்லாதான். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வழியில் சார்ஜ் போடுவது அதில் அவ்வளவு சுலபம்: வயரைச் சொருகினால் போதும், பணம் தானாகக் கணக்கில் போகிறது. மற்ற சார்ஜர்களில் ஒன்றுக்கு ஒரு ஆப், ஒன்றுக்கு ஒரு கார்டு என்று குளிரில் நின்று தேட வேண்டும். டிக்கியும் பெரியது. 594 லிட்டர், அயோனிக்கில் 401. முன்பக்கம் இன்ஜின் இருக்க வேண்டிய இடத்திலும் டெஸ்லாவில் ஒரு பெட்டி வைக்கலாம். நீங்கள் இருவரும் ஜூனில் வரும்போது அம்மா கொண்டுவரப்போகும் மூட்டைகளை நினைத்தால், இது சின்ன விஷயம் இல்லை. சின்னவளுக்கும் டெஸ்லாதான் வேண்டும், பின்சீட்டில் இருப்பவர்களுக்கென்று அதில் தனியாக ஒரு திரை இருக்கிறது.

வேகமாகச் சார்ஜ் ஏறுவதில் மட்டும் அயோனிக் முந்துகிறது. அப்பா, உங்கள் பஸ்ஸில் 24 வோல்ட் பேட்டரி. டெஸ்லா 400 வோல்ட் வகை, அயோனிக் 800 வோல்ட் வகை. வோல்ட் இரட்டிப்பானால் அதே பவருக்குப் பாதி ஆம்பியர் போதும், வயர் சூடாவது குறையும், கரண்டை வேகமாக உள்ளே தள்ளலாம். நல்ல சார்ஜரில் 10 சதவீதத்திலிருந்து 80 வரை ஏற 18 நிமிடம் என்பது கம்பெனிக் கணக்கு. டீ, வடை சாப்பிட்டு எழுந்திருக்கும் நேரம். ஆனால் அதே அயோனிக்கை டெஸ்லா சார்ஜரில் நிறுத்தினால் அந்த வேகம் வராது, அது 400 வோல்ட் வண்டிக்காகக் கட்டியது. மாப்பிள்ளை இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார், சரிதான்.

இப்போது நான் ஏன் இன்னும் முடிவு சொல்லவில்லை என்பதற்கு வருகிறேன்.

ஐ.சி.எஃப். மைதானத்தில் எனக்கு வண்டி கற்றுக்கொடுத்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? மாமாவின் மாருதி 800. முதல் மூன்று நாள் சாவியையே கொடுக்கவில்லை. என் துப்பட்டாவாலேயே என் கண்ணைக் கட்டிவிட்டு, நின்ற வண்டியில் உட்கார வைத்தீர்கள். “வைப்பர்” என்பீர்கள், கை வைக்க வேண்டும். “ரைட் இண்டிகேட்டர். ஹாரன். ரிவர்ஸ்.” தப்பாகக் கை வைத்தால் மறுபடி முதலிலிருந்து. “ரோட்ல இருக்கற கண்ண உள்ள இழுக்கற வண்டி ஆகாது” என்று அன்றைக்குச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. 31 வருடம் வியாசர்பாடி டிப்போவில் வண்டி எடுத்தவர் சொன்ன பேச்சு.

போன சனிக்கிழமை இரண்டு வண்டியையும் பார்க்கப் போனபோது அதே பரீட்சையை வைத்துப் பார்த்தேன். துப்பட்டா இல்லை, கம்பளிக் குல்லாயைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டேன். மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னார்.

டெஸ்லாவில் ஹாரன் கிடைத்தது, வைப்பர் பட்டன் கிடைத்தது. இண்டிகேட்டருக்குத் தண்டு கிடையாது, ஸ்டியரிங்கின் இடது பக்கத்தில் மேலும் கீழுமாக இரண்டு பட்டன். ஸ்டியரிங் நேராக இருக்கும்வரை கை கண்டுபிடித்துவிடுகிறது. திருப்பினால் பட்டனும் கூடவே சுற்றிப் போய்விடுகிறது. ஊரில் ரவுண்டானாவில் யார் இண்டிகேட்டர் போடுகிறார்கள்? இங்கே ரவுண்டானாவை விட்டு வெளியே வரும்போது கட்டாயம் வலது பக்கம் போட வேண்டும், லைசென்ஸ் பரீட்சையிலேயே பார்ப்பார்கள். அந்த நேரத்தில்தான் ஸ்டியரிங் திரும்பி நிற்கும். ஓட்டிப் பார்த்தபோது மூன்று ரவுண்டானாவிலும் என் கட்டைவிரல் தேடியது. அது வண்டியின் குற்றம் என்று சொல்லமாட்டேன், பழகியவர்கள் சர்வ சாதாரணமாக ஓட்டுகிறார்கள். என் கையின் பழக்கம் வேறு. கியர் போடுவதும், ஏசி காற்றை எந்தப் பக்கம் திருப்புவது என்பதும் நடுவில் இருக்கும் திரையில். குல்லாயை இழுத்துக்கொண்டு கையை நீட்டினால் வழவழவென்று கண்ணாடிதான் தட்டுப்படுகிறது. வேகமும் அந்தத் திரையின் ஓரத்தில்தான் தெரியும், ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை.

அயோனிக்கில் இண்டிகேட்டருக்குத் தண்டு, வைப்பருக்குத் தண்டு, கியருக்கும் ஸ்டியரிங் பக்கத்தில் முறுக்குகிற ஒரு தண்டு. கை தானாகப் போனது, அப்பா. ஏசி பட்டன்கள் அதிலும் மேடு பள்ளம் இல்லாத தொடு பட்டன்கள்தான், அதை மறைக்கவில்லை. கண்ணாடி இறக்கும் சுவிட்சைக் கதவில் தடவித் தடவிப் பார்த்தேன், கிடைக்கவே இல்லை. கடைசியில் பார்த்தால் இரண்டு சீட்டுக்கும் நடுவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் ஓடும் வண்டியில் அவசரத்துக்குத் தேடுவது கண்ணாடி சுவிட்சை அல்ல.

இன்னொன்று. இங்கே லைசென்ஸ் வாங்குவதற்கு முன்னால் வழுக்குப் பாதையில் ஒரு பயிற்சி உண்டு. வேண்டுமென்றே வழுக்கலாக்கி வைத்த தரையில் வண்டியை ஓட்டிப் பிரேக்கை மிதிக்கச் சொல்வார்கள். மிதித்தேன். வண்டி நிற்கவில்லை, பக்கவாட்டில் மிதந்து போனது, படகு மாதிரி. ஸ்டியரிங் கையில் இருக்கிறது, அதற்கும் சக்கரத்துக்கும் சம்பந்தமே இல்லை. அந்த இரண்டு வினாடியில் எனக்கு உங்கள் பேச்சுதான் வந்தது: “பிரேக்க நம்பாத, கியர நம்பு.” மின்சார வண்டியில் கியர் மாற்றும் வேலை இல்லை. ஆனால் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் மோட்டாரே வண்டியைப் பிடித்து நிறுத்தும், அந்த வேகம் திரும்பக் கரண்டாகப் பேட்டரிக்குள் போகும். அயோனிக்கில் இந்தப் பிடியை எவ்வளவு வைப்பது என்று ஸ்டியரிங்குக்குப் பின்னாலிருக்கும் இரண்டு விரல் பட்டைகளால் கூட்டலாம், குறைக்கலாம். இறக்கத்தில் ஒரு தட்டு, பனிக்கட்டி தெரிந்தால் மறுபக்கம் ஒரு தட்டு. லேலண்ட் பஸ்ஸில் நீங்கள் கியரை மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்குவீர்களே, விரலில் அதே உணர்வு. எனக்கு உடம்பே சிலிர்த்துவிட்டது.

குளிரில் எவ்வளவு தூரம் ஓடும் என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுமே குறையும். மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைகிற மாதிரி, குளிரில் பேட்டரிக்குள்ளும் எல்லாம் மந்தமாகிவிடும். அதற்கு மேல் வண்டிக்குள் சூடேற்றவும் அதே கரண்ட்தான். நார்வே ஆட்டோமொபைல் சங்கம் ஒவ்வொரு குளிர்காலத்திலும் வண்டிகளை நிற்கும் வரை ஓட்டிப் பார்க்கும். 2024-இல் மாடல் 3 காகிதத்தில் 629 கிலோமீட்டர், ரோட்டில் 441. அயோனிக் மட்டும் தப்பித்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. தினமும் போய்வர எனக்கு நாற்பது கிலோமீட்டர்கூட வேண்டாம். காலையில் சார்ஜ் வயர் சொருகியிருக்கும்போதே போனில் தட்டி உள்ளே சூடாக்கிக்கொண்டால் அந்தச் செலவும் பேட்டரிக்கு இல்லை.

அம்மா, உனக்காக ஒன்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நம் தெருவில் நாலு நாள் கரண்ட் இல்லாமல், போனில் கடைசி 3 சதவீதத்தில் “நல்லா இருக்கோம்” என்று மட்டும் அனுப்பினாயே. அந்த மெசேஜை இன்னும் அழிக்கவில்லை. அயோனிக்கின் சார்ஜ் துளையில் ஒரு அடாப்டர் மாட்டினால் வெளியே கரண்ட் எடுக்கலாம், நம் வீட்டு பிளக் மாதிரியே, 3.6 கிலோவாட் வரை. பேட்டரி 77.4 யூனிட். ஃபிரிட்ஜ், ஃபேன், லைட் எல்லாவற்றையும் போட்டாலும் நாலு நாளைத் தாண்டும். கடையில் அந்தப் பிளக்கைத் தொட்டுப் பார்த்தபோது இது அன்றைக்கு நம் வாசலில் நின்றிருந்தால் என்றுதான் நினைத்தேன். மாடல் 3-இல் இது இல்லை. இங்கே புயல் இல்லாவிட்டாலும், ஜூனில் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி ரைஸ் குக்கரில் சுடச்சுடச் சாதம் வைக்கலாம்.

பெர்கனுக்கும் கூட்டிப் போகிறேன். 450 கிலோமீட்டருக்கு மேல். வழியில் லார்டால் சுரங்கப்பாதை இருக்கிறது, 24.5 கிலோமீட்டர், உலகிலேயே நீளமான சாலைச் சுரங்கம். சென்ட்ரலில் உள்ளே நுழைந்தால் தாம்பரத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான் வெளியே வருவோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுகிறவருக்குக் கண் சொக்கக்கூடாது என்று நடுவில் மூன்று இடத்தில் குகை மாதிரி அகலமாக்கி நீல விளக்குப் போட்டிருக்கிறார்கள். டிரைவரை நினைத்துக் கட்டிய ரோடு, நீங்கள் பார்த்தே ஆக வேண்டும்.

போன ஜூன் 30-ஆம் தேதி உங்கள் டிப்போவிலிருந்து 120 மின்சார பஸ் விட்டார்களே, அதில் ஏறிப் போய்விட்டு வந்து, “சத்தமே இல்ல, வண்டி உசுரோட இருக்கான்னே தெரியல” என்று வருத்தமாகச் சொன்னீர்கள். முதல் நாள் எனக்கும் அப்படித்தான் இருந்தது. இப்போது பனியில் டயர் நறநறவென்று போகிற சத்தத்தை வைத்தே எங்கே மெதுவாகப் போக வேண்டும் என்று தெரிகிறது. அதைக் கேட்கவாவது இந்த வண்டிகள் விடுகின்றன.

சரி, என் மனசு அயோனிக்கில்தான் நிற்கிறது. மாப்பிள்ளையும் குல்லாய்ப் பரீட்சைக்குப் பிறகு, “ஓட்டப்போறது நீ, உன் இஷ்டம்” என்று சொல்லிவிட்டார். ஒரே ஒரு தடை. அந்த வண்டியின் கூரை பின்னால் போகப் போகச் சரிந்து இறங்குகிறது. கால் நீட்ட இடம் தாராளம், தலைக்குத்தான் சந்தேகம். முட்டி வலியோடு அம்மா முன்சீட்டில்தான் உட்கார வேண்டும், அப்போது சின்னவளோடு நீங்கள் பின்னால். நம் வீட்டிலேயே உயரம் நீங்கள்தான்.

அதனால் அப்பா, ஒரு வேலை. கூடத்தில் இருக்கும் மர நாற்காலியில் முதுகை வளைக்காமல் சுவரோடு ஒட்டி உட்காருங்கள். அம்மா, நீ தையல் டேப்பை எடுத்து நாற்காலிப் பலகையிலிருந்து அப்பாவின் உச்சந்தலை வரை அளந்து சென்டிமீட்டரில் எழுதி அனுப்பு. வண்டியில் சீட்டிலிருந்து கூரை வரை நான் அளந்து குறித்து வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள், சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அட்வான்ஸ் கட்ட வரச் சொல்லியிருக்கிறார்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்