என் லைன்அப்பை நிரப்பச் சொன்னவருக்கும், உங்கள் எல்லோருக்கும்

அன்புள்ள லீக் உறவுகளே,

நவம்பரில் எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதை இங்கே மறுபடி எழுதப்போவதில்லை. எல்லோரும் வீடு திரும்பிவிட்டோம், இப்போதுதான் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது. நேற்றிரவு அமெரிக்கக் கால்பந்தில் கௌபாய்ஸ் ஆட்டம் முடிந்ததும், இத்தனை நாள் படிக்காமல் விட்ட குழுச் செய்திகளை முதலிலிருந்து படித்தேன். படித்த கையோடு இதை எழுதுகிறேன். ஆறப்போட்டால் எனக்கு எழுத வராது.

நிஜ வீரர்களை வைத்து ஆளுக்கொரு கற்பனை அணி அமைத்து, அவர்கள் ஆட்டத்துக்கேற்பப் புள்ளி எண்ணி ஆடுவதுதான் ஃபேன்டஸி லீக். அதை நடத்துகிற கமிஷனர் காணாமல் போனால் அது எப்படிக் கரையும் என்பதை நான் பார்த்திருக்கிறேன். முதலில் யாரோ ஒருவர் லைன்அப், அதாவது அந்த வாரம் இறக்கும் வீரர் பட்டியல், போடாமல் விடுவார். அந்த வாரம் அவரோடு மோதியவருக்குச் சும்மா ஒரு வெற்றி கிடைக்கும். அந்த வெற்றியால் சம்பந்தமே இல்லாத மூன்றாவது ஆள் பிளேஆஃப் இடத்தை இழப்பார். அப்புறம் அவருக்கும் ஆர்வம் போய்விடும். நான் பார்த்தவரை, சண்டை போட்டு உடைந்த லீக்குகளைவிட இப்படிச் சத்தமில்லாமல் முடிந்துபோனவைதான் அதிகம்.

இந்த முறை லைன்அப் போட முடியாத நிலையில் இருந்தது நான். அதுவும் பன்னிரண்டாம் வாரம். ஃபால்கன்ஸ், பில்ஸ், பெங்கால்ஸ், ஜாகுவார்ஸ், செயின்ட்ஸ், ஜெட்ஸ் என ஆறு அணிகளுக்கு ஒரே வாரத்தில் பை, அதாவது ஆட்டமில்லாத ஓய்வு வாரம். பந்தை வீசும் என் குவார்ட்டர்பேக் பில்ஸ் அணியின் ஜாஷ் ஆலன், அதைப் பிடிக்கும் முதல் ரிசீவர் பெங்கால்ஸ் அணியின் ஜமார் சேஸ். முந்தின வாரம் போட்ட லைன்அப் அப்படியே நின்றதால், ஆட்டமே இல்லாத இரண்டு பேர் என் பக்கத்தில் பூஜ்யமாக நின்றார்கள். எனக்கு எதிரே இருந்தவர் என்னோடு பிளேஆஃபின் கடைசி இடமான ஆறாவது இடத்துக்கு நேருக்கு நேர் மோதிக்கொண்டிருந்த அண்ணன். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார், அதனால் அண்ணன் என்றே எழுதுகிறேன். அவர் ஒன்றுமே செய்யாமல் இருந்திருக்கலாம். இருந்திருந்தால் யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க முடியாது, நான் உட்பட.

2024 நவம்பர் 24, ஞாயிற்றுக்கிழமை. ஒரு மணி ஆட்டங்களுக்குத் தொண்ணூறு நிமிடம் முன்பு, அன்று ஆடாதவர்களின் இன்ஆக்டிவ் பட்டியல் வந்ததும் எல்லோரும் அவரவர் அணியைத்தான் பார்ப்போம். அண்ணன் என் அணியைப் பார்த்திருக்கிறார். துணைக் கமிஷனர் தம்பிக்கு அவர் அனுப்பிய செய்தியைத் தம்பி குழுவில் அப்படியே போட்டிருக்கிறான்:

"அவரு லைன்அப்ல ஆலனும் சேஸும் இன்னும் நிக்கிறாங்கப்பா. ரெண்டு பேருக்கும் இந்த வாரம் ஆட்டம் இல்ல. பென்ச்ல குவார்ட்டர்பேக் டுவா இருக்காரு. எடுத்து உள்ள போடு."

"அண்ணே, அவருக்கு எதிரா ஆடுறது நீங்கதான்."

"தெரியும்பா. அதனாலதான் நான் கேக்குறேன். வேற யாரு கேட்டாலும் அது தப்பாப் போயிடும்."

அந்தக் கடைசி வரியை எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது.

கமிஷனராக இருந்தவர்களுக்குத்தான் இதன் கனம் முழுசாகப் புரியும். லீக் நடத்துகிறவர் கையில் நாம் ஆடும் இணையதளம் ஏகப்பட்ட அதிகாரத்தைக் கொடுத்துவிடுகிறது. யாருடைய லைன்அப்பையும் மாற்றலாம், முடிந்த டிரேடை, அதாவது வீரர் பரிமாற்றத்தை, ரத்து செய்யலாம், புள்ளியைக்கூடக் கூட்டிக் குறைக்கலாம். அந்த வசதிகளைத் தொடவே கூடாது என்று விதியில் எழுதி வைத்தவன் நான். இன்றும் அதில்தான் நிற்கிறேன். ஒரு முறை நல்ல எண்ணத்தில் தொட்டால்கூட, அடுத்த முறை தொடும்போது "அவனுக்கு மட்டும் செஞ்சாங்க" என்ற பேச்சு வரும். தம்பி தயங்கியது முழுக்க முழுக்கச் சரி. நான் அவன் இடத்தில் இருந்திருந்தால் முடியாது என்றே சொல்லியிருப்பேன்.

ஆனால் அந்த மாற்றத்தால் நஷ்டப்படப்போகிறவரே வந்து கேட்கும்போது கதை வேறு. விதி இருப்பதே எதிரே ஆடுகிறவரைக் காப்பாற்றத்தான். அவரே முன்வந்து, எனக்கு இந்தப் பாதுகாப்பு வேண்டாம், எதிரில் முழு அணியை நிறுத்து என்கிறார். அப்போதும் தம்பி அவசரப்படவில்லை. பிளேஆஃப் போட்டியில் இருந்த மற்றவர்களிடமும் கேட்டான். அடுத்த வாரம் வேறு யாராவது இப்படி மாட்டிக்கொண்டால் இதே விதிதானா என்று ஒருவர் கேட்டார். மிகச் சரியான கேள்வி, அதற்கும் என் நன்றி. பத்தே நிமிடத்தில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்திருக்கிறீர்கள்: பை வாரத்தில் இருக்கும் வீரரை மட்டும் மாற்றுவது, அந்த இடத்துக்குப் பென்ச்சில் தளத்தின் முன்கணிப்பு யாருக்கு அதிகமோ அவர், இதில் யாருடைய சொந்தக் கணிப்பும் கலக்கக் கூடாது. இதைவிடத் தெளிவாக என்னால் எழுதியிருக்க முடியாது.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். பேட்ரியட்ஸ் அணிக்கு எதிராக டுவா 317 யார்டு, 4 டச்டவுன் வீசினார். 25 யார்டுக்கு ஒரு புள்ளி, வீசிய டச்டவுனுக்கு நான்கு புள்ளி என்ற நம் கணக்கில் 28-க்கு மேல். அண்ணன் என்னிடம் தோற்றது அதைவிடக் குறைந்த வித்தியாசத்தில். அதாவது அவரே உள்ளே போடச் சொன்ன ஆள்தான் அவரைத் தோற்கடித்தார். அன்று மாலை அவர் குழுவில் போட்டது ஒரே வரி: "நல்ல ஆட்டம். வீட்ல எல்லாரும் எப்படி இருக்காங்கன்னு யாராவது கேட்டுச் சொல்லுங்க."

நான் அதை நேற்றிரவுதான் படித்தேன்.

ஞாயிறன்று ராம்ஸ் அணிக்கு எதிராக ஆலன் வீசி மூன்று, தானே ஓடி மூன்று என ஆறு டச்டவுன். நேற்று டல்லாஸில் சேஸ் 14 கேட்ச், 177 யார்டு, 2 டச்டவுன். ஆறாவது இடம் எனக்கு, ஏழாவது அவருக்கு. பன்னிரண்டாம் வாரம் அவர் ஜெயித்திருந்தால் இந்த இடம் அவருடையது. இன்று காலை அவரைக் கூப்பிட்டு, என் இடத்தை உங்களுக்கே கொடுத்துவிடுகிறேன், எல்லோரிடமும் நானே பேசுகிறேன் என்றேன். "அப்படிச் செஞ்சா அன்னிக்கு நான் செஞ்சதுக்கு என்னப்பா அர்த்தம்? போய் ஒழுங்கா ஆடு" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

மற்றவர்களுக்கும் சொல்லியாக வேண்டும். தம்பி, பதிமூன்றாம் வாரம் பஃபலோ பனியில் ஃபார்ட்டிநைனர்ஸ் அணியின் மெக்காஃப்ரி காயப்பட்டு வெளியேறியதும், அதே அணியின் ஐசக் குவெரெண்டோவுக்காக ஆளுக்கு ஆள் வெய்வர் தொகையை (யார் அணியிலும் இல்லாத வீரரை ஏலத்தில் எடுக்கும் தொகை) கொட்டிய அந்த வாரத்தை நீ ஒற்றை ஆளாகச் சமாளித்திருக்கிறாய். டிரேடு ஒன்றில் இரண்டு பேருக்கு மனக்கசப்பு வந்தபோது நடுவில் உட்கார்ந்து பேசித் தீர்த்தவருக்கும், வாராவாரம் ஆட்டக் குறிப்பை எழுதி லீக்கை உயிரோடு வைத்தவருக்கும், சந்தாக் கணக்கைக் கேட்காமலேயே எடுத்துக்கொண்டவருக்கும், வியாழன்தோறும் எல்லோருக்கும் நினைவூட்டல் அனுப்பிய நம் கடைக்குட்டிக்கும் நன்றி. கடைசி இடத்தில் இருந்துகொண்டும் ஒரு வாரம்கூட லைன்அப்பில் ஓட்டை விடாத அக்காவுக்கு, இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், பிளேஆஃப் வரிசை நியாயமாக அமைந்ததில் பெரிய பங்கு உங்களுடையது.

இந்த ஆட்டம் 1962-ல் ஓக்லாந்து ரெய்டர்ஸ் பங்குதாரர் பில் விங்கன்பாக்கும் நண்பர்களும் யோசித்தது. மறு வருடம் எட்டு அணிகளோடு, வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் முதல் டிராஃப்ட் நடந்தது. கணினி இல்லாத காலம், யாராவது கையால் கூட்டினால்தான் புள்ளி. கூட்டுகிறவரை மற்ற ஏழு பேரும் நம்பியாக வேண்டும். அந்த நம்பிக்கை இல்லாமல் இந்த ஆட்டம் முதல் வாரத்தையே தாண்டியிருக்காது என்று நேற்றிரவு முழுக்கத் தோன்றிக்கொண்டே இருந்தது. இத்தனை வருடமாக இந்த லீக்கை நான்தான் தாங்கிப் பிடிக்கிறேன் என்று என் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளுக்கும் அந்தச் செய்திகளைப் படித்துக் காட்டினேன்.

நீங்கள் அன்று பத்து நிமிடத்தில் போட்ட ஏற்பாடு, அடுத்த டிராஃப்டுக்கு முன் விதிப்புத்தகத்தில் வார்த்தை மாறாமல் ஏறும். எதிரே ஆடுகிறவர் கேட்டால் மட்டுமே அது நடக்கும் என்பதும் சேர்த்து. தம்பி இனி துணை இல்லை, என்னோடு சமமான கமிஷனர். வேறு யார் வீட்டில் நெருக்கடி வந்தாலும், அந்த ஞாயிறு காலை அவருடைய அணியை முதலில் திறந்து பார்க்கிறவன் நானாக இருப்பேன். இது உங்கள் எல்லோருக்கும் நான் கொடுக்கும் வாக்கு.

சரி, பதினைந்தாம் வாரம் வந்துவிட்டது. வெய்வர் புதன் அதிகாலை ஓடும், வியாழன் இரவு ராம்ஸ், ஃபார்ட்டிநைனர்ஸ். நான் மூன்றாம் இடத்து அணியோடு மோதுகிறேன், முழு பலத்தோடு ஆடுவேன். பிளேஆஃப் வராத ஆறு பேருக்கும் ஆறுதல் சுற்று உண்டு, அதில் ஜெயிக்கிறவருக்கு அடுத்த வருட டிராஃப்டில் முதல் தேர்வு. அண்ணே, அதை நீங்கதான் எடுக்கணும்.

அன்புடன்,
உங்கள் கமிஷனர்களில் ஒருவன்