புருவத்துக்கு ஒரு கடிதம்

3.4.2024

அன்புள்ள புருவம்,

நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாடி ஏறுவதையே விட்டுவிட்டார்கள் என்று கண்ணாடி சொன்னான். நெட்டை மறுபடி வேலையை விட்டுவிட்டான். இந்தத் தடவையும் மேனேஜர்தான் காரணமாம். மற்றபடி எல்லாம் இருந்தபடிதான்.

எட்டு மாதமாக நான் ஒரு வரி எழுதவில்லை. ஃபோனிலும் "ம்", "சரி", "அப்புறம் கூப்பிடுகிறேன்" என்று மூன்று தடவை, அவ்வளவுதான். அதற்குக் காரணம் இருக்கிறது, வருகிறேன். முதலில் உன் ஆள் ராக்கைப் பற்றிப் பேசியாக வேண்டும். இரண்டு மாதமாக எனக்குத் தூக்கம் கெட்டது அவனால்தான்.

டபிள்யூடபிள்யூஇ மல்யுத்தத்தில் அவன் என்ன செய்துகொண்டிருக்கிறான் என்று பார்க்கிறாயா? பார்ப்பதில்லை என்று சொன்னால் நம்ப மாட்டேன். வருடத்தின் பெரிய ஷோவான ரெஸ்ல்மேனியாவில், 1999-ல், ஆஸ்டினிடம் அவன் தோற்றான் என்பதற்காக என்னோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தவன் நீ. அதுவும் ஃபிலடெல்ஃபியாதான், இந்தச் சனி, ஞாயிறில் நடக்கப் போகிற ரெஸ்ல்மேனியா நாற்பதும் ஃபிலடெல்ஃபியாதான். இருபத்தைந்து வருடம் கழித்து அதே ஊருக்கு வருகிறான், வில்லனாக. உனக்கு வலிக்கிறதோ என்னவோ, எனக்கு வெகு நாளைக்குப் பிறகு அவனைப் பிடித்திருக்கிறது.

நடந்தது உனக்குத் தெரியும், ஆனாலும் நான் சொல்லிப் பார்க்க வேண்டும். ஜனவரியில் முப்பது பேர் மோதும் ராயல் ரம்பிளை கோடி ரோட்ஸ் ஜெயித்தான். (கோடி என்று தமிழில் எழுதினால் பணம் மாதிரி இருக்கிறது, என்ன செய்ய.) தொடர்ந்து இரண்டாவது வருடம். ரெஸ்ல்மேனியாவில் சாம்பியன் ரோமன் ரெய்ன்ஸோடு மோதும் உரிமை அவனுடையது. பிப்ரவரி 2 ஸ்மாக்டவுன் ஷோவில் ரோமன் முன்னால் வந்து நிற்கிறான், உன்னிடமிருந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வேன், ஆனால் ரெஸ்ல்மேனியாவில் இல்லை என்கிறான். உடனே உன் ஆளின் பாட்டு. ராக் வருகிறான், இவன் காதில் ஏதோ சொல்கிறான், இவன் ரிங்கை விட்டு இறங்கிப் போய்விடுகிறான். வரிசையில் மணிக்கணக்காக நின்று கவுன்ட்டர் வரை வந்தவன் பின்னால் வந்த பெரிய மனிதருக்கு வழிவிட்டு ஒதுங்குவானே, அதே முகம்.

அப்புறம் கிளம்பியது பார், ஒரு கலவரம். அந்த வீடியோவுக்கு டிஸ்லைக் குவிந்தது. அரங்கம் அரங்கமாக "எங்களுக்குக் கோடிதான் வேண்டும்" என்று கத்தினார்கள். ஆறே நாள். லாஸ் வேகஸ் மேடையில் கோடி மனம் மாறி, எனக்கு ரோமன்தான் வேண்டும் என்றான். பேச்சு முன்னோர்கள் பக்கம் போனதும் ராக் விட்டான் ஓர் அறை. அந்தச் சத்தத்தில்தான் நான் மறுபடி உள்ளே இழுக்கப்பட்டேன். முதலிலிருந்தே இப்படித்தான் எழுதி வைத்திருந்தார்களா, கூட்டம் கத்தியதால் மாற்றினார்களா? கண்ணாடி முன்னதே என்று சத்தியம் செய்கிறான். என் கட்சி பின்னது. 2014-ல் இதே மாதிரி நடந்ததே. ரம்பிளை பட்டிஸ்டாவுக்குக் கொடுத்தார்கள், டேனியல் பிரையன் எங்கே என்று கூட்டம் ஊளையிட்டது, முப்பதாவது ஆளாக வந்த பாவத்துக்கு ரே மிஸ்டீரியோவுக்கும் விழுந்தது. கடைசியில் ரெஸ்ல்மேனியா முடியும்போது சாம்பியன் பெல்ட் யார் கையில் இருந்தது? பிரையன் கையில்தானே?

போன வாரம் சிகாகோவில் 'ரா' ஷோவில் நடந்ததை என் பெண்ணோடு உட்கார்ந்து பார்த்தேன். வெளியே கொட்டுகிற மழை. ராக் கோடியைச் சுவரிலும் வண்டியிலும் மோதி மோதி அடிக்கிறான். நெற்றியிலிருந்து ரத்தம் மழைத் தண்ணீரோடு சேர்ந்து மூக்கு வழியாக இறங்குகிறது. ராக் அந்த ரத்தத்தைக் கையால் வழித்து, இடுப்பில் கட்டும் ஒரு பெல்ட்டில் பூசுகிறான். அதில் "மாமா ரோட்ஸ்" என்று இருக்கிறது. எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு எந்த மாமாப்பா என்று கேட்டாள். மாமா இல்லை, அம்மா, கோடியோட அம்மா என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அவங்க அம்மாவுக்கு இது நாடகம்னு தெரியுமா?" என்றாள். தெரியும் என்றேன். "தெரிஞ்சும் பாப்பாங்களா?"

நாம் அந்த வயதில் கேட்காத கேள்வி. நாம் ஸ்டூலிலிருந்து குதித்துக்கொண்டிருந்தோம்.

மற்ற மேட்சுகளையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கோடியைத் தவிர எதையும் பார்க்கவில்லை என்பாய். ட்ரூ மெக்கின்டயர்தான் எனக்கு இந்த வருடத்தின் ஆள். ரம்பிளில் சிஎம் பங்க் என்ற ரெஸ்லருக்குக் கைத்தசை, ட்ரைசெப்ஸ், கிழிந்தது, நிஜமாகவே. ட்ரூ அடிபட்டவன் முன்னால் போய் நின்று, இதற்காகத்தான் வேண்டிக்கொண்டேன் என்கிறான். அதை டி-ஷர்ட் போட்டு வேறு விற்கிறார்கள். அயோக்கியன். ஆனால் அவன் குறையைக் கேள். 2020-ல் பிராக் லெஸ்னரைத் தோற்கடித்து முதல் தடவை உலக சாம்பியன் ஆனான், கொரோனா சமயம், பயிற்சி மையத்தில், பார்க்க ஒரு ஆள் இல்லை. பெல்ட்டைத் தூக்கிக் காலி நாற்காலிகளுக்குக் காட்டினான். அந்த ஒரு நிமிடத்தைத் திரும்பக் கேட்கிறான், நடுவில் யார் வந்தாலும் மிதிக்கிறான். இவனைக் கெட்டவன் என்று எப்படிச் சொல்வது? இன்னொரு பெல்ட்டை வைத்திருக்கிற ராலின்ஸ் சனிக்கிழமை கோடியோடு சேர்ந்து அடிவாங்கிவிட்டு மறுநாள் இவனிடம் வரப் போகிறான், கஷ்டம்தான்.

பெய்லி கதை பார்த்தாயா? அவள் சேர்த்த கூட்டம்தான், அவளுக்குப் புரியாது என்று நினைத்து ஜப்பானிய மொழியில் அவளையே கிண்டல் செய்திருக்கிறார்கள். அவளுக்குப் புரிந்துதான் இருந்திருக்கிறது. உன் முதல் ஆபீஸ் ஞாபகம் வந்தது. உசோஸ் அண்ணன் தம்பி மேட்ச் எனக்குச் சப்பென்று இருக்கிறது, விடு. குந்தரோடு சாமி ஜெய்ன் மோதுவது வேறு ரகம். போன செப்டம்பரில் அதே குந்தரிடம் சாட் கேபிள் என்கிற ரெஸ்லர் தோற்றபோது முன்வரிசையில் அவன் சின்னப் பெண் தேம்பித் தேம்பி அழுதாளே, அதற்குப் பிறகு குந்தர் யாரிடம் தோற்றாலும் எனக்குச் சரி.

சரி, என் கவலைக்கு வருகிறேன். கோடியை மறுபடி தோற்க வைத்துவிடுவார்களோ?

சிரிக்காதே. கணக்குப் பார். ரோமன் 2020 ஆகஸ்ட் கடைசியிலிருந்து பெல்ட்டை வைத்திருக்கிறான். 1,300 நாளைத் தாண்டிவிட்டது. ஹல்க் ஹோகன் முதல் தடவை பெல்ட்டை வைத்திருந்தது 1,474 நாள். இன்னும் ஐந்தாறு மாதம் ஓட்டினால் அதையும் தாண்டிவிடலாம். ஓட்ட மாட்டார்களா? இரண்டாவது, சனிக்கிழமை டேக் மேட்ச், ஒரு பக்கம் கோடியும் ராலின்ஸும், மறு பக்கம் ராக்கும் ரோமனும். ராக்கும் ரோமனும் ஜெயித்தால் ஞாயிற்றுக்கிழமை பிளட்லைன் விதிகள், அதாவது ரோமனின் குடும்பக் கூட்டத்தின் விதிகள், யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம், எதை வேண்டுமானாலும் செய்யலாம். போன வருடமே எல்லாம் முடிந்த நேரத்தில் அந்தக் கூட்டத்துச் சோலோ சிகோவா வந்து கழுத்தில் குத்தினான், கோடி தோற்றான். அன்றைக்கு நான் டிவியை அணைத்துவிட்டுப் பல் தேய்க்கப் போனது ஞாபகம் இருக்கிறது, பல் தேய்த்தது ஞாபகம் இல்லை. மூன்றாவது, உன் ஆள் இப்போது வெறும் ரெஸ்லர் இல்லை. ஜனவரியில் டபிள்யூடபிள்யூஇ-யின் தாய் நிறுவனமான டிகேஓவின் இயக்குநர் குழுவிலேயே உட்கார்ந்துவிட்டான். முடிவு எழுதுகிறவனிடம் போய், நான் அடுத்த வருடமும் வருவேன், அதுவரை கதையை நீட்டு என்று அவன் சொன்னால் யார் தட்டுவார்கள்?

கோடி எதற்காகத் திரும்பி வந்தான் என்று நினைவிருக்கிறதா? அவன் அப்பா டஸ்டி 1977-ல் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பில்லி கிரஹாமை ஜெயித்தார். ஜெயித்தும் பெல்ட் இல்லை, கவுன்ட் அவுட். எதிராளி ரிங்குக்கு வெளியே நின்றுவிட்டால் வெற்றி உனக்கு, பெல்ட் அவனுக்கு. அதை வாங்கத்தான் வந்தேன் என்று 2022-ல் வந்து சொன்னான் பிள்ளை. இரண்டே மாதத்தில் மார்புத் தசை கிழிந்து, பாதி மார்பு கருநீலமாக இருக்க, கோட்டைக் கழற்றிக் காட்டிவிட்டு ராலின்ஸோடு மோதினானே, அது மேக்கப் இல்லை.

போன வருடம் பிப்ரவரியில் ரோமனின் ஆலோசகர் பால் ஹேமன் கோடியின் எதிரே நின்று ஒரு வாக்கியம் சொன்னார். டஸ்டி தன்னிடம் சொன்னாராம்: கோடி எனக்குச் செல்லப் பிள்ளை, ஆனால் நான் ஆசைப்பட்ட பிள்ளை ரோமன் ரெய்ன்ஸ். டஸ்டி கடைசிக் காலத்தில் புதுப் பையன்களுக்குப் பயிற்சி கொடுத்தவர், ரோமனும் அவரிடம் கற்றவன்தான். அதனால் பொய்யாக இருந்தாலும் நடந்திருக்கக் கூடிய பொய். கோடியின் முகம் என்ன ஆயிற்று என்று பார்த்தவன் எவனும் மறக்க மாட்டான்.

அப்போது அதை நல்ல ப்ரோமோ, மேட்சுக்கு முன் சூடேற்றும் பேச்சு, என்று மட்டும் நினைத்தேன். ஆகஸ்டில் உங்கள் வீட்டுக்கு வந்தபோதுதான் அது என்மேல் திரும்பியது.

உன் அப்பா என்னைப் பார்க்கும்போதெல்லாம், உன்னையும் வைத்துக்கொண்டு, "இவன் எனக்குப் பிறந்திருக்க வேண்டியவன்டா" என்பார். மார்க் ஷீட் வரும் நாளில் கட்டாயம் சொல்வார். நான் இளிப்பேன். நீ புருவத்தைத் தூக்குவாய், எல்லோரும் சிரிப்போம். அதை நான் ரசித்தேன்டா. எத்தனை வருடம்! அன்றைக்கு நீ வாசலில் நின்று நாற்காலி எண்ணிக்கொண்டிருந்தாய், ஐஸ் பெட்டிக்காரனிடம் பேசிக்கொண்டிருந்தாய். நான் உள்ளே உட்கார்ந்து அழுதேன். யாரோ ஒரு பெரியவர் என் தோளைத் தட்டி, "மூத்த பிள்ளையா?" என்று கேட்டார். நீ அந்த நேரம் உள்ளே வந்தாய். இல்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். இரண்டு விநாடி கழித்துச் சொன்னேன். நீ கேட்டாயா இல்லையா தெரியாது. அதிலிருந்து உனக்கு எழுத உட்கார்ந்தால் பேனா நகரவில்லை.

நீ வராத நாளிலும் நான் அங்கே டிவி பார்க்க உட்கார்ந்திருப்பேன், அப்போது அவர் என்னிடம் பேசியது முழுக்க உன்னைப் பற்றித்தான். இதை நான் உன்னிடம் சொன்னதே இல்லை. நீ புருவம் தூக்கப் பழகியதை ஒரு நாள் முகம் பார்க்கும் கண்ணாடி முன்னால் அவரே செய்துபார்த்துக்கொண்டிருந்தார், நான் உள்ளே நுழைந்ததும் முகம் கழுவுகிற மாதிரி குனிந்துகொண்டார்.

சரி, போதும்.

அவருக்கு இந்த வருட ராக்கை மிகவும் பிடித்திருக்கும். பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, அதன் ஓரத்தில் பார்த்தபடி, எப்போதும் கெட்டவன் கட்சி. "அந்த ரிங்குல வேலை பாக்கிறவன் அவன் ஒருத்தன்தான், மத்தவன் எல்லாம் அடி வாங்குறான்" என்பார். பேப்பரைக் கீழே வைத்து நான் பார்த்தது ஒரே தடவை, ரெஸ்ல்மேனியாவில் 21 தடவை தோற்காமல் ஜெயித்த அண்டர்டேக்கர் 2014-ல் லெஸ்னரிடம் தோற்று, திரையில் 21-1 என்று வந்தபோது. கூட்டம் வாயைப் பிளந்து நின்றது. "எழுதி வெச்சுத்தானே தோக்கிறான், அதுக்கு எதுக்கு இவ்வளவு பேர் அழறான்?" என்று நம்மிடம் கேட்டார். நீ பதில் சொல்லவில்லை. கேட்டுவிட்டு அவரே மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஞாயிறு இரவு ஷோ, நமக்குத் திங்கள் விடியற்காலை. பெண்ணை எழுப்பிவிடச் சொல்லியிருக்கிறேன், அவள் எழுப்பாவிட்டாலும் தூங்கப் போவதில்லை. மெயின் மேட்ச் தொடங்கும்போது ஃபோனை எடு. பேச வேண்டாம், ஸ்பீக்கரில் போட்டு வை. சோலோ வந்தால் மட்டும் சத்தம் கொடு, நான் திரையைப் பார்க்க மாட்டேன்.

பந்தயம் எப்போதும் உள்ளதுதான். கோடி தோற்றால் ஸ்டூல் கதையை நெட்டையின் பிள்ளைகளிடம் நானே சொல்கிறேன். ஜெயித்தால் நீ புருவத்தைத் தூக்கி ஒரு ஃபோட்டோ அனுப்ப வேண்டும், செல்லோ டேப் இல்லாமல்.

அம்மாவிடம் கேட்டதாகச் சொல்.

உன்
ஸ்டூல்