பட்டையை இறுக்கிவிடாதே

அன்பு பொன்னிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. மாடியில் ஓடு பதித்தாயிற்று. சின்ன அத்தை விஷயம் உனக்கே தெரிந்திருக்கும்.

ஏப்ரலில் நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளில், லாங்கியர்பைனிலிருந்து ஹெலிகாப்டரில் பனிக்கரடி பிடித்து ஆராயக் கிளம்புகிறாயாம். தம்பி சொல்லித்தான் தெரிந்தது. சந்தோஷம்தான். விரட்டுவதில் மட்டும் அவசரம் வேண்டாம். பனிக்கரடிக்குக் குளிர் பகையில்லை, ஓட்டம்தான் பகை. அத்தனை கொழுப்பை உடம்பில் வைத்துக்கொண்டு ஓடினால் சூடு வெளியேற வழியேது? மயக்க ஊசி தைத்து விழுந்ததும் முதலில் வெப்பமானியை வை. 37 டிகிரியை ஒட்டி இருந்தால் கவலையில்லை. 40 தாண்டினால் மற்ற வேலையெல்லாம் அப்புறம், உடம்பைக் குளிர்விக்கப் பார். வயிறு தரையில் படப் படுக்க வை, மூக்கு பனியில் புதையக் கூடாது. மயக்கத்திலும் கண் திறந்தே இருக்கும். களிம்பு போட்டுத் துணியால் மூடு.

ஜோலெட்டில் என்ற அந்த மயக்க மருந்தை முழுதாக முறிக்க மாற்றுமருந்து கிடையாது என்பதை மறக்காதே. தெளியும்போது தலை முதலில் எழும், பின்னங்கால் கடைசியில். கால் அசையவில்லை என்று வாய்ப்பக்கம் உட்கார்ந்திருக்காதே. வயது பார்க்க எடுக்கும் அந்தச் சின்ன முன்கடைவாய்ப் பல்லை மயக்கம் ஆழமாக இருக்கும்போதே பிடுங்கிவிடு. கடைசிக்கு வைக்காதே.

சுற்றுலா வருகிறவர்கள் மார்ச் முதல் ஜூன் வரை கரடியிடமிருந்து 500 மீட்டர் தள்ளி நிற்க வேண்டுமென்று 2025-இல் ஸ்வால்பார்டில் விதி வந்திருக்கிறது. உனக்கோ அதன் வாய்க்குள் கைவிடுவதே வேலை! துப்பாக்கியோடு நிற்பவர் யார்? அவர் கரடியைப் பார்த்தால் போதாது, உங்கள் முதுகுக்குப் பின்னாலும் பார்க்க வேண்டும். குட்டியோடு இன்னொன்று வரலாம்.

போகுமிடம் காட்டும் கருவி வைத்த கழுத்துப்பட்டை பெண் கரடிக்குத்தான். ஆணுக்குத் தலையைவிடக் கழுத்து பருமன், உருவிப் போட்டுவிடும். இது உனக்குத் தெரியும். ஆனால் குகையிலிருந்து அப்போதுதான் வந்த தாய் மாதக்கணக்கில் பட்டினி கிடந்து, அந்தப் பட்டினியிலேயே பாலும் கொடுத்து இளைத்திருக்கும். அன்றைய கழுத்துக்கு அளவெடுத்துப் பூட்டினால், சீல் தின்று கொழுத்ததும் பட்டை சதையில் புதைந்துவிடும். தளர்ந்து கழன்றால் ஒரு கருவிதான் போகும். இறுக்கிவிடாதே.

தீபாவளிக்குப் பிறகு நீ பேசவில்லை என்று அம்மா நாள் எண்ணிக்கொண்டிருக்கிறாள். நான் எண்ணவில்லை. உன் பெயர் வந்த கட்டுரையை எதிர்வீட்டு வங்கிக்காரரிடம் காட்டினேன். ஐந்தாவதாக இருக்கிறதே என்றார். அவருக்கென்ன தெரியும். அதை அனுப்பும்போது கூட ஒரு வரி எழுதினால் உனக்கு என்ன குறைந்துவிடும்?

சரி, சொல்லிவிடுகிறேன். அன்று எல்லோர் முன்னாலும் உன்னை அடக்கியது தப்பு. ஸ்வால்பார்டின் பூலேபின்டனில் கிடைத்த பழைய தாடையெலும்பை வைத்து, பனிக்கரடி பழுப்புக் கரடியிலிருந்து ஒன்றரை லட்சம் ஆண்டுக்கு முன்தான் பிரிந்தது என்று நான் சாதித்தேன். வகுப்பிலும் அதையேதான் சொல்லிக்கொடுத்தேன். 2010-இல் வந்த கணக்கு அது, தாய்வழியில் மட்டும் வரும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவை மட்டும் வைத்துப் போட்டது. 2012-இல் தாய் தந்தை இருவரிடமிருந்தும் வரும் உட்கரு டிஎன்ஏவைப் பார்த்தவர்கள் சுமார் 6 லட்சம் ஆண்டு என்றார்கள். 2014-இல் முழு மரபணுத்தொகுதியை ஒப்பிட்டு 3,43,000 முதல் 4,79,000 வரை என்றார்கள். ரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும் ஏபிஓபி மரபணு எவ்வளவு மாறியிருக்கிறது என்று நீ சொல்ல வந்தாய். நான்தான் சொல்லவிடவில்லை. இரண்டு இனமும் இடையிடையே கலந்திருக்கின்றன. அலாஸ்காவின் அட்மிரால்டி, பரனோஃப், சிச்சகாஃப் தீவுகளின் பழுப்புக் கரடிக்குத் தாய்வழியில் பனிக்கரடியே நெருங்கிய சொந்தம் என்பது அதனால்தான். இந்தக் கட்டுரைகளெல்லாம் அன்றே என் மேசையில் கிடந்தன. பிரிக்கவில்லை. இப்போது இரண்டு முறை படித்துவிட்டேன். தாய்வழியை மட்டும் பார்த்துக் கணக்குப் போட்டால் இப்படித்தான் ஆகும் என்றேன், உன் அம்மா சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் எங்கும் போவதில்லை.

அப்பா

பி.கு.: மருந்துக் குப்பியைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள். வெளிப்பையில் வைத்தால் உறைந்துவிடும்.