அறங்காவலர் குழுவுக்கு: மிச்சமுள்ள இரண்டு வாள்களையாவது விட்டுவையுங்கள்

குடமுருட்டிக் கரை அய்யனார் கோயில் அறங்காவலர் பெரியவர்களுக்கு வணக்கம்.

கும்பாபிஷேகத்துக்காகச் சாமி வாளைத் துரு போகத் தேய்க்கப் பட்டறைக்கு அனுப்பியது நீங்கள்தான், அதனால் நடந்ததை விளக்க வேண்டியதில்லை. பெட்டியில் இன்னும் இரண்டு வாள்கள் இருக்கின்றன. அவற்றைத் தயவுசெய்து அனுப்பாதீர்கள்.

வாள் இப்போது எவர்சில்வர் தட்டு மாதிரி மின்னுகிறது. பிடியருகே புள்ளி புள்ளியாக ஒரு வரி எழுத்து கொத்தியிருந்ததே, அதில் தொடக்கத்துப் பிள்ளையார் சுழி மட்டும் பாதி தெரிகிறது. மற்றதெல்லாம் கிரைண்டர் கல்லோடு போய்விட்டது. யார் கொடுத்த வாள் என்பதற்கு ஊரில் இருந்த ஒரே சாட்சி அந்த வரிதான். படம்கூட எடுத்து வைக்கவில்லை. தேய்த்த சூட்டில் அலகின் நுனியில் நீலம் பாய்ந்திருக்கிறது. அவ்வளவு சூடேறினால் எஃகின் பதமும் கெட்டிருக்கும்.

துருப்பிடித்தால் தேய்க்கத்தானே வேண்டும் என்றீர்கள். கையில் ஒட்டும் செந்துருவை எடுக்கத்தான் வேண்டும். மெல்லிய மெஷின் எண்ணெயில் ஊறவிட்டு, மூங்கில் சிராயால் பொறுமையாகச் சுரண்ட வேண்டும். கெட்டியாகப் படிந்த கருமையைத் தொடக்கூடாது, இரும்புக்கு அதுவே காப்பு. புளி, எலுமிச்சை எதுவும் ஆகாது. துடைத்த பிறகு வெறுங்கை படக்கூடாது, வியர்வை உப்பே மறுபடி துருவைக் கொண்டுவரும். ஐப்பசி ஈரத்தில் தோலுறைக்குள் போட்டு வைப்பதும் தப்பு.

இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930 முதல் வேதியியல் பாதுகாப்புக் கூடம் இயங்குகிறது. தஞ்சை அரண்மனை ஆயுதங்கள் பலவும் அந்த அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவர்களைக் கேட்காமல் அந்த இரண்டு வாள்களிலும் கை வைக்காதீர்கள்.

பழசு என்றாலே சுரண்டிப் புதுசாக்கும் வெறி நம் கோயில்களை விடுவதாயில்லை. மணல் பீய்ச்சிக் கல்வெட்டைத் தேய்த்தார்கள், கருங்கல் தூணுக்கு எனாமல் பெயிண்ட் அடித்தார்கள். நூறு வருடம் தாண்டிய வாள் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதைப் பட்டறையில் போட்டுவிட்டு வர யாருக்கு மனம் வந்தது?

சரி, பெரியவர்களிடம் குரல் உயர்த்துவது முறையல்ல. அருங்காட்சியகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். கொண்டுபோகும் செலவையும் அலைச்சலையும் குலதெய்வக்காரர்கள் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். பதில் வரும்வரை பெட்டிச் சாவி பூசாரியிடமே இருக்கட்டும்.

இப்படிக்கு,
குலதெய்வக்காரர்களில் ஒருவன்