மாரியோவுக்கு அப்பால்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பினாங்கு லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில் பழைய கேம் கேசட் தேடுகிறவர்கள் மாரியோ, கொன்ட்ரா கண்ணில் பட்டதும் நின்றுவிடுகிறார்கள். அடியில் கிடப்பதையும் கொஞ்சம் புரட்டலாமே!

நிண்டெண்டோவின் ஜப்பானிய ஆட்டக் கருவியான ஃபேமிகாமின் 'கிம்மிக்!' (1992) பார்வைக்குக் குழந்தை விளையாட்டு. ஆடினால் விரல் நோகும். எறிகிற நட்சத்திரம் சுவரில் மோதித் துள்ளும். சில இடங்களில் அதன்மேலேயே ஏறிப் போக வேண்டும். கேசட்டுக்குள் தனி ஒலிச் சிப் உண்டு. அது இல்லாத நகலில் இசை மெலிந்துவிடும்.

சேகா நிறுவனக் கருவியான மெகா டிரைவின் 'ரிஸ்டார்' (1995) ஆட்டத்தைச் சேமிக்காது. செத்துப்போக பேட்டரியே இல்லை.

சூப்பர் நிண்டெண்டோவின் 'டெர்ரானிக்மா' அப்படியல்ல. ஆங்கிலப் பதிப்பு 1996இல் ஐரோப்பாவில் வந்தது, வட அமெரிக்காவில் வரவேயில்லை. ஆட்டத்தைச் சேமிப்பது உள்ளிருக்கும் 3 வோல்ட் பேட்டரி. இத்தனை வருடத்தில் அது தீர்ந்திருந்தால் வியப்பில்லை. கேசட் திருகுகளுக்கென்றே உள்ள 3.8 மி.மீ. கேம்பிட் திருப்புளியால் திறந்து, தகடு பொருத்திய பேட்டரியாக வாங்கி, பிளஸ் மைனஸ் பார்த்துப் பற்றவைக்க வேண்டும். வெறும் பேட்டரியில் நேரடியாக ஈயம் வைத்தால் சூட்டில் கெட்டுவிடும். கழற்றியதும் பழைய சேமிப்பு அழியும்.

கேசட்டை வாயால் ஊதாதீர்கள். எச்சில் ஈரம் பின்களை அரிக்கும். பஞ்சுக் குச்சியில் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் போதும்.

ஜப்பானிய அடாப்டர் 100 வோல்ட்டுக்கானது. நம் வீட்டு 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் புகைதான்.

வாசகர்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு