ஆர்தர் ஸ்கார்ஃப் நினைவுப் பலகை: திருப்பணி நிறைவு அறிக்கை

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்குப் பணிக்குழுவின் வணக்கம். மலேசியாவின் பட்டர்வொர்த்தில் உள்ள நம் வாசகசாலையின் முன்கூடச் சுவரைச் சீரமைத்து, பிரிட்டிஷ் விமானப்படையின் ஸ்குவாட்ரன் லீடர் ஆர்தர் ஸ்கார்ஃப் நினைவாகக் கருங்கல் பலகை ஒன்றைப் பதிக்கும்படி பொதுக்குழு எங்களிடம் ஒப்படைத்த பணி நிறைவடைந்தது.

சுவர் வேலையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஈரம் ஏறி உதிர்ந்த பூச்சைச் செங்கல் தெரியும் மட்டும் கொத்தி எடுத்து, நன்கு உலரவிட்டுப் புதிதாகப் பூசினோம். பலகையின் வாசகத்துக்குத்தான் நாள் பிடித்தது. முதல் வரைவில் அடைமொழிகளே பாதிக் கல்லை அடைத்துக்கொண்டன. 9-12-1941 அன்று நடந்ததைச் சொன்னாலே போதும் என்று கருதி அவை அனைத்தையும் நீக்கினோம்.

அதற்கு முந்தைய நாள்தான் ஜப்பானியப் படை தாய்லாந்தின் சிங்கோராவில் கரையிறங்கியிருந்தது. அங்குள்ள விமானத்தளத்தைப் பட்டப்பகலில் தாக்கும்படி, திறந்து இரண்டு மாதமே ஆகியிருந்த நம் பட்டர்வொர்த் தளத்திலிருந்த பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்களுக்கு உத்தரவு வந்தது. ஸ்கார்ஃப் மேலெழும்பிய அந்த நேரத்திலேயே ஜப்பானிய விமானங்கள் தளத்தின் மீது குண்டு பொழிந்ததால் மற்ற விமானங்கள் எழவே முடியவில்லை. திரும்பிவிட அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. அவர் தனியாகவே சென்று குண்டுகளை வீசினார். திரும்பும் வழியில் எதிரிகளின் சண்டை விமானங்கள் சுட்டதில் இடக்கையிலும் முதுகிலும் கடுமையான காயம்பட்டும், உடனிருந்த இருவர் தாங்கிப் பிடிக்க, அலோர் ஸ்டார் வரை ஓட்டிவந்து, அவ்விருவருக்கும் காயமின்றி விமானத்தைத் தரையிறக்கினார். அவருடைய மனைவி அவ்வூர் மருத்துவமனையில் செவிலியராக இருந்தார். மனைவி தம் இரத்தத்தைக் கொடுத்தும் பயனின்றி அன்றே ஸ்கார்ஃபின் உயிர் பிரிந்தது. வயது 28. பிரிட்டனின் மிக உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸ் அவருக்கு 1946இல்தான் அறிவிக்கப்பட்டது. கல்லறை தைப்பிங்கில் இருக்கிறது.

போர்க்காலத்தில் ஜப்பானியர் கட்டாய உழைப்பால் அமைத்த சயாம் மரண ரயில் பாதையில் மாண்ட நம் தோட்டத்து மக்களுக்கு முதலில் கல் வைக்காமல் ஒரு வெள்ளைக்கார விமானிக்கு வைப்பதேன் என்று சில உறுப்பினர்கள் கேட்டது நியாயமான கேள்வியே. பொதுக்குழுவின் தீர்மானம் எங்களைக் கட்டுப்படுத்தியது. ஆயினும் பலகையை நடுவில் பதிக்காமல் வலப்புறம் ஒதுக்கிப் பதித்து, இடப்பாதியை அதற்காகவே வெறுமையாக விட்டிருக்கிறோம்.

ஒரு பிழையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கல்லில் பெயரைச் செதுக்கியபோது ஆய்த எழுத்துக்கு இரண்டு புள்ளிகளே விழுந்திருந்தன. மெய்ப்புப் பார்த்த நாங்கள் மூவரும் அதைக் கவனிக்கவில்லை. பதித்த மறுநாள் நாளிதழ் படிக்க வந்த மூத்த உறுப்பினர் ஒருவர் விரலால் தடவிக் காட்டினார். மூன்றாவது புள்ளி சுவரில் இருந்தபடியே உளியால் இடப்பட்டதால், மற்ற இரண்டைவிடச் சற்று ஆழமாகத் தெரியும்.

தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கு, பற்றுச்சீட்டுகளுடன் அலுவலகத்தில் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளது. மீதத் தொகை, இடப்பக்கச் சுவரைக் குறித்துப் பொதுக்குழு முடிவெடுக்கும் வரை பொருளாளர் பொறுப்பில் இருக்கும்.

இவண்,
பணிக்குழுவினர்